என் பெயரில் வந்தால் நம்பாதே

மார்ச் 4

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் உடம்பளவில் நலம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. இதே விஷயத்தை இருபத்து மூன்று பேருக்குக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னுடையது பத்தொன்பதாவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் என் மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றி, என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதோடு படங்கள், சேமித்து வைத்திருந்த எண்கள், பழைய கடிதங்கள் எல்லாம் போய்விட்டன. என் பெயரில், என் படத்தைப் போட்டு, வேறொரு பக்கமும் பல மாதமாக நடந்துகொண்டிருந்ததாம். அதுவும் இப்போதுதான் தெரிந்தது.

ஆகவே, என் பெயரில் எது வந்தாலும் நம்பாதே. நலம் விசாரித்து வந்தாலும் நம்பாதே. ஏதாவது கேட்டு வந்தால் சுத்தமாக நம்பாதே. விசாரணை முடியும்வரை போனையும் கணினியையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்தில் வந்தால் மட்டுமே அது நான்.

உன் எண் என்னிடம் இல்லை. முகவரி மனப்பாடமாக இருந்ததால் எழுத முடிந்தது. அம்மா வீட்டு முகவரி மறக்காது. உனக்கு என் பெயரில் ஏதாவது வந்திருந்தால் உடனே எழுது. விசாரிப்பவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுச் சொல்லச் சொல்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மார்ச் 19

துரும்புக்கு,

இங்கே நான் சௌக்கியம். முட்டிவலி ஒன்றுதான் கூடவே இருக்கிறது. அதையும் விரட்டிவிட்டால் வீட்டில் துணைக்கு ஆளில்லை.

இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஆசையாகப் பிரித்தால், நான் பத்தொன்பதாவது ஆளாம்! பதினெட்டு பேருக்கு எழுதிக் கை ஓய்ந்த பிறகாவது அக்கா ஞாபகம் வந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம். எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பட்டறையில் வேலை நெருக்கடி. டாக்டர் ஒரே வாரத்தில் ஒன்பது பல் செட்டுக்கு அச்சு அனுப்பிவிட்டார். ஊரில் எல்லோரும் சொல்லி வைத்துக்கொண்டு ஒரே நாளில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. நாள் முழுக்கக் கையில் மெழுகும் மாவுமாக இருக்கிறவளுக்குப் போனைத் தொட நேரம் ஏது?

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு எதுவும் வரவில்லை.

திருடுவதற்கு உன்னிடம் என்னடி இருக்கிறது என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. பெயர் போனது பெரிய விஷயம்தான். கண்ணைக் கெடுத்துக்கொண்டு இத்தனை பேருக்கு எழுதாதே, ஏற்கெனவே கண்ணாடி போட்டாகிவிட்டது. கண்டுபிடித்துவிடுவார்கள். தைரியமாக இரு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு டாக்டரைப் பார். பல் டாக்டரை அல்ல. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.

நான் முதலில் எழுதியதைவிட விஷயம் பெரியது. ஆஸ்பத்திரியில் நான் இருப்பது பதிவேட்டுப் பிரிவு. வருகிறவர்களின் நோய், ரத்த வகை, வீட்டு முகவரி எல்லாம் எங்கள் அறையைத் தாண்டித்தான் போகும். என் மின்னஞ்சல் கைக்குக் கிடைத்ததும், அதை வைத்து அலுவலகக் கணக்கையும் திறந்துவிட்டார்கள். 'உங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அடையாள எண்ணையும் கையெழுத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று நோயாளிகளுக்கு என் பெயரில் செய்தி போயிருக்கிறது. நாற்பத்தொரு பேர் அனுப்பிவிட்டார்கள்.

நேற்று ஒரு பெரியவர் ஜன்னல் முன்னால் வந்து நின்று என்னையே பார்த்தார். "நீங்கதானம்மா கேட்டீங்க? படத்துல சிரிச்ச முகமா இருந்தீங்க, அதான் குடுத்தேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தப் படம் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் எடுத்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று நானே போட்டது. அம்மா படம், அம்மாவின் நினைவு நாள், வேலை பார்க்கும் இடம், உறவுக்காரர்கள் யார் யார், எல்லாம் நான் போட்டதுதான். ஊரைக் கூட்டி அலமாரியைத் திறந்து காட்டிவிட்டு, திருடன் எந்த வழியாக வந்தான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மின்னஞ்சலின் பூட்டு அதில் இல்லை. டைப்பிங் வகுப்புக்குப் பக்கத்துக் கடையில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் கணக்குத் திறந்தோமே, அந்தப் பழைய கணக்குதான் இது. கடவுச்சொல்லை மறந்தால் கேட்பதற்கு இரண்டு கேள்வி வைக்கச் சொன்னது. வளர்த்த பிராணியின் பெயர், முதல் ஆசிரியரின் பட்டப்பெயர். அப்போது நீ என் காதில் சொன்னாய்: "உன் பதிலைப் போடாதடி. என் பதிலைப் போடு. உன்னை நல்லாத் தெரிஞ்சவங்ககூடத் தப்பாதான் சொல்லுவாங்க." அதனால் நான் உன் பூனையையும் உன் டீச்சரையும் போட்டேன். மேனேஜர், விசில் டீச்சர். இத்தனை வருடமாக மாற்றவே இல்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி யாரோ அந்த இரண்டையும் முதல் தடவையிலேயே சரியாக அடித்துத் திறந்திருக்கிறார்கள். உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது இருக்க வேண்டும் என்கிறார் விசாரணை அதிகாரி.

என் பக்கத்து நாற்காலியில் ஆறு வருடமாக ஒருவர் இருக்கிறார். இடுப்பில் எப்போதும் பதினெட்டு சாவி தொங்கும். நாங்கள் சாவிக்கொத்து அண்ணன் என்போம். டிபன் டப்பாவைக்கூடப் பூட்டி வைக்கும் மனிதர். ஒருநாள் டீ குடிக்கும்போது மேனேஜர் பூனை மீன்காரரின் தராசில் ஏறி உட்கார்ந்த கதையை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதிகாரி கேட்டார். ஆமாம், அவருக்குத் தெரியும் என்றேன்.

வேறு யாருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

தங்கை


ஏப்ரல் 20

துரும்புக்கு,

நலம்தான். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. இல்லை, நேரம் இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம் ஒரு அம்மாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். "என் பல்லு என் பல்லு மாதிரி இல்ல" என்று ஒரே சண்டை. பார்த்தால் வேலையில் ஒரு குறையும் இல்லை. வரிசை சுத்தம், நிறம் சுத்தம். "என் முன்பல்லு கொஞ்சம் ஏறியிருக்கும், அதை ஏன் எடுத்த? என் வீட்டுக்காரர் என்னைப் பாத்து யாரோன்னு நினைக்கிறார்" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல பல்லைக் கோணலாக்கிக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டாள்.

சாவிக்கொத்து அண்ணனை எனக்குத் தெரியாது. இருந்தாலும் டிபன் டப்பாவைப் பூட்டுகிற ஆள் அடுத்தவர் பூட்டைத் திறப்பார் என்று மனம் ஒப்பவில்லை. பூனையை அவரிடம் சொன்னாய், சரி. டீச்சரையும் சொன்னாயா? நன்றாக யோசித்துப் பார். அவசரப்பட்டு யார் தலையிலும் எதையும் போட்டுவிடாதீர்கள்.

நான் போனை அணைத்து அம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலம் கெட்டுக் கிடக்கிறது.

வெயிலில் அலையாதே.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. அப்படியே இருக்கிறேன்.

சாவிக்கொத்து அண்ணனை நேற்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாமாம். ஜூன் மூன்றாம் தேதி குழு உட்காருகிறது. அன்றைக்கு வேறு சான்று எதுவும் இல்லையென்றால் வேலை நிரந்தரமாகப் போய்விடும். அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

சாவிகளைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கண்காணிப்பாளர் மேஜைமேல் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். "இது மேல்தட்டு, கொஞ்சம் தூக்கித் திருப்பணும். இது குழந்தைங்க பதிவேடு. இது துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் போடுங்க." பதினெட்டாவது அவருடைய டிபன் டப்பா சாவி. அதையும் வைத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டார்.

போகும்போது என் மேஜைக்கு வந்தார். "நான் இல்லம்மா. உங்களுக்கே தெரியும்" என்றார். நான் ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தேன். அவர் இல்லையென்றால் அடுத்தது என் கவனக்குறைவு என்று என் பக்கம்தான் திரும்பும். அது எனக்குத் தெரியும், அக்கா. அதனால்தான் சும்மா இருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: டீச்சரைப் பற்றி அவரிடம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தங்கை


மே 11

துரும்புக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பை விட்டுவிடுகிறேன். நேராக விஷயத்துக்கு வராவிட்டால் இன்றைக்கும் எழுதாமல் எழுந்துவிடுவேன்.

எனக்கு வந்தது. உன் பெயரில் வந்தது.

போன நவம்பரில், அம்மா நினைவு நாளுக்கு நாலு நாள் முன்னால். "அக்கா, அம்மா நாள் வருது. மனசே சரியில்ல. உன்கிட்ட பேசாம இருக்க முடியல." பக்கத்தில் உன் படம். கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தாய். 'துரும்பா?' என்று கேட்டேன். 'ஆமா அக்கா, துரும்புதான்' என்று வந்தது. அந்தப் பெயரையே நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

நாலு மாதம் பேசினோம். தினமும் நான் பட்டறையிலிருந்து வந்து கைகழுவும் நேரத்துக்குச் சரியாக வரும். சாப்பிட்டியா, முட்டி எப்படி இருக்கு, தனியா இருக்கியே பயமா இல்லையா. சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்கும். 'நீ சொல்லு, உன் வாயால கேக்கணும்' என்னும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மேனேஜர் கதையைச் சொன்னேன். பத்தாம் தேதி விசில் டீச்சர் எனக்கு மட்டும் விசிலை ஊதக் கொடுத்த கதை. எவ்வளவு குஷியாகச் சொன்னேன் தெரியுமா! பதினொன்றாம் தேதி உன் கதவு திறந்தது.

உன் முதல் கடிதம் கிடைத்த அன்றே அவள் நீ இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒன்பது நாள் பேசினேன். இதைத்தான் எழுத முடியாமல் தவித்தேன். வாசலில் தபால், உள்ளே போனில் 'அக்கா சாப்பிட்டியா'. ஒரு பக்கம் பத்தொன்பதாவது ஆள், ஒரு பக்கம் தினமும் தேடுகிற தங்கை. நான் எதை எடுப்பேன், சொல்.

நான் என்ன தொழில் செய்கிறேன்? அவ்வளவு வரிசையான பல் யாருக்கும் சொந்தமாக இருக்காது என்று கையால் தடவிப் பார்த்தே சொல்வேன். நீ பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட என்னை 'சாப்பிட்டியா' என்று கேட்டதில்லை. சண்டை போடாத துரும்பு எங்காவது உண்டா? தெரியாமல் ஏமாறவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

பத்தாவது நாள், 'உன் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லு' என்றாள். சொல்லவில்லை. 'இத்தனை நாள் நான் சாப்பிட்டேனான்னு கேட்டியே, அதுல ஒரு தடவையாவது நிஜமா கேட்டியா?' என்று எழுதினேன். அதோடு ஆளைக் காணோம். உட்கார்ந்து அழுதேன், துரும்பு. திருடிக்காக அழுதேன்.

உன் மூன்றாவது கடிதம் வரவேண்டியிருந்தது எனக்குப் புத்தி வர. அந்தப் பதினெட்டு சாவியும் என் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக் கிடக்கிறது. செய்யாத குற்றத்துக்கு எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் ஒரு நாள் கூடுதலாக நிற்கக் கூடாது.

போனைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். எதையும் அழிக்கவில்லை. தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. குழுவிடம் கொடு. அதில் டிசம்பர் ஆறாம் தேதி அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது இருக்கிறது. நான் எழுதிய பதிலும் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் படிப்பார்கள் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. பரவாயில்லை, படிக்கட்டும்.

நீயும் படிப்பாய். அதுதான் அதைவிடக் கஷ்டம்.

அக்கா


மே 12

துரும்புக்கு,

பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போடக் கூடாது என்று இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. அதனால் இந்தத் தனிக் கடிதம்.

போனைத் திறக்கும் எண்ணை நேரடியாக எழுத வேண்டாம், உனக்கு மட்டும் புரிகிற மாதிரி குறிப்பாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். அம்மாவுக்கு மருந்து கொடுத்த நேரங்கள், காலையிலிருந்து வரிசையாக, என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அது உனக்குத் தெரியாதே.

ஆறு, ஒன்று, ஐந்து, ஒன்பது.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

பார்சலும் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. போன் பத்திரமாக இருக்கிறது.

படித்துக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

தங்கை


ஜூன் 14

அக்காவுக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? உண்மையான பதிலை எழுது. நான் தேறிவருகிறேன்.

முதலில் நீ காத்திருக்கும் செய்தி. சாவிக்கொத்து அண்ணன் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். பிப்ரவரி ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று தேதியும் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் குழுவுக்கு வேறு கேள்வி எழவில்லை. திருடியது யாரென்று தெரிய நாளாகுமாம். பதினேழு சாவியையும் எண்ணி வாங்கிக்கொண்டு, துருப்பிடித்ததைத் தனியாக எடுத்து, "எண்ணெய் போடலியே" என்று கண்காணிப்பாளரைக் கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான்தான் அவரிடம் சொன்னேன். குழுவின் முன்னாலும் சொன்னேன். டீச்சர் கதை அவருக்குத் தெரியாது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான் கண்ணாடி போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது, அக்கா. நீ என்னைப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன் முதல் பதிலில் கண்ணாடியைப் படித்ததுமே உனக்கு ஏதோ வந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. உன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். அது வரைக்கும் அவரை வெயிலில் நிறுத்தி வைத்தேன். 'உங்களுக்கே தெரியும்' என்று அவர் சொன்னது சரிதான். கேட்டுவிட்டு, "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். டிபன் டப்பாவை இன்னும் பூட்டுகிறார். அந்தச் சாவியை இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

நாலு மாதப் பேச்சையும் படித்தேன். அவள் உன்னை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். எண்ணினேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் கேட்ட பிறகுதான் உன் முட்டிவலி இத்தனை மோசம் என்றே எனக்குத் தெரியும். நீ கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய் என்று ஒரு திருடியிடம்தான் சொல்லியிருக்கிறாய்.

டிசம்பர் ஆறாம் தேதியையும் படித்தேன். "அம்மா படுத்திருந்தப்ப நான் வந்திருக்கணும். நீ ஒத்தையா எல்லாத்தையும் சுமந்த. என்னை மன்னிச்சிடு அக்கா." அதற்கு நீ: "விடு. நடந்தது நடந்துபோச்சு. நீ பேசினியே, அது போதும்."

அந்தப் பதில் என் பெயருக்குத்தான் எழுதியது. ஆனாலும் அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. அவள் கேட்டு வாங்கியது அது. நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். நாலு மாதத்தில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிய நீ, அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் வந்து இறங்கி, அத்தனை பேர் முன்னாலும், "இவ்வளவு முடியாம இருக்காங்கன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை "என்ன பொண்ணுடி நீ" என்றாள். நீ வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் திறக்கவில்லை. நானே என்று நினைத்துக்கொண்டு அவளோடு பேசிய நாலு மாதமும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதனால்தான் அந்தத் திருடிக்கு எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று சரியாகத் தெரியவில்லை.

நீ என்னிடம் மூன்று முறை சொன்னாய். ஜூலையில் ஒரு முறை. செப்டம்பரில் அம்மா பேச்சை நிறுத்தியபோது ஒரு முறை. கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு முறை. அன்றைக்கு மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன். வந்தால் அம்மாவை அப்படிப் பார்க்க வேண்டுமே என்று பயம், அக்கா. வேறு ஒன்றுமில்லை. அந்தப் பயத்தை மறைக்கத்தான் பழியை உன் மேல் போட்டேன். மன்னித்துவிடு.

உனக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும். மார்ச்சில் நான் எழுதிய இருபத்து மூன்று பேரில் பதினொரு பேர் அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இன்றைக்கே கையால் எழுதுகிறேன். 'அக்கா மூன்று முறை சொன்னாள், நான் அன்றைக்குச் சொன்னதுதான் பொய்' என்று. இந்த முறை முதல் கடிதம் உனக்கு.

போனை நானே கொண்டுவருகிறேன். எப்போது வரலாம் என்று எழுது. வர வேண்டாம் என்றாலும் எழுது.

துரும்பு


ஜூலை 2

துரும்புக்கு,

முட்டி மோசம்தான். சுவரைப் பிடிக்கிறேன் என்பதும் நிஜம். இனி யாரும் எனக்காக விசாரித்துச் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

முதல் கடிதம் எனக்கு என்று எழுதியிருக்கிறாய். தபால்காரருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. எனக்கு வருவதற்கு முன்னால் அத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டறை போனுக்கே கூப்பிட்டுவிட்டாள். "ஏண்டி, உன் தங்கச்சி பேர்ல ஒண்ணு வந்திருக்கு. அவ பேர்ல எது வந்தாலும் நம்பாதீங்கன்னு அவளே எழுதியிருந்தாளே. இது வேற யாரோ எழுதினதுதானே? அவளாவது, தப்புன்னு ஒத்துக்கிறதாவது!" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். 'டீ குடித்துக்கொண்டிருந்தேன்' வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அவதான் அத்தை. அவளேதான்" என்றேன்.

அத்தை அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு, "அன்னைக்கு நான் உன்னை என்னமோ சொன்னேன்டி" என்று ஆரம்பித்தாள். அதை முடிக்க விடாமல் முட்டிவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன்னுடையது வாசலில் கிடந்தது. நின்றபடியே படித்தேன். முட்டி வலித்ததுகூடத் தெரியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'விடு, நடந்தது நடந்துபோச்சு' என்று எழுதப் பார்த்தது. அடித்துவிட்டேன். அதை ஏற்கெனவே ஒருத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உனக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு வருடம் எட்டு மாதக் கோபம், ஒரு துளி செலவழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். அவளிடம் அதைக் காட்டவே இல்லை, அது உனக்கென்று வைத்தது. நீ வந்து முன்னால் உட்கார வேண்டும். நான் திட்ட வேண்டும். நீ திருப்பிச் சண்டை போடு, சும்மா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாரோ போலி வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்திவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. காலையில் வந்துவிடு. திட்டி முடிக்க மதியம் ஆகிவிடும், அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே சமைத்துவைக்கிறேன்.

அக்கா